அரைக்கதை ஸ்டூலும் முழுக்கதை ஸ்டூலும்

அந்த வீட்டுச் சமையலறைக்கு நான்கு ஸ்டூல்கள் வந்து இறங்கியபோது, உலகத்திலிருந்த ஒட்டகச்சிவிங்கிகளுக்கெல்லாம் பொறாமையில் தூக்கம் போயிருக்கும். அவ்வளவு உயரம். மெலிந்த இரும்புக் கால்கள். உச்சியில் பளபளவென்று ஒரு வட்டத் தகடு. ஏறி உட்கார்ந்தால் மேகம் மூக்கில் இடிக்கும். சாப்பிட்டுவிட்டு இறங்குவதற்குள் மறுபடியும் பசித்துவிடும்.

வாங்கி வந்தவர் அப்பா. அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். செருப்பு வாங்கப் போனால்கூட அளவு நாடாவோடு போகிறவர். ஆனால் ஸ்டூலின் பளபளப்பைப் பார்த்ததும் நாடா எந்தப் பையில் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துவிட்டது. கடையில் ஒரு தும்மல் போடும் நேரம் உட்கார்ந்து பார்த்தார். "பிரமாதம்" என்றார். வாங்கிவிட்டார்.

பழைய சாப்பாட்டு மேஜை கால் ஒடிந்து போனதால், சமையலறையில் புதிதாக உயரமான ஒரு மேடை கட்டியிருந்தார்கள். இனிமேல் அதில்தான் சாப்பாடு.

முதல் நாளே வேடிக்கைதான். அப்பாவின் தொடை மேடைக்கு அடியில் நுழையவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்வது மாதிரி ஒருக்களித்து உட்கார்ந்து, சூப்பைத் தோளுக்கு மேலாக எட்டி எட்டிக் குடித்தார்.

அம்மா பேருந்து ஓட்டுகிறவர். "இந்த சீட்டைப் போட்டு வண்டி ஓட்டச் சொன்னா, நான் நடந்தே போய் பயணிங்களை முதுகுல சுமந்து இறக்கிவிட்டுடுவேன்" என்றார்.

"பழகப் பழகச் சரியாயிடும்" என்றார் அப்பா. சொல்லும்போதே அவர் முழங்கால் மேடையில் ணங்கென்று இடித்தது.

இருவரையும் பார்த்துச் சிரித்த மகளுக்குக் குண்டூசி என்று பெயர். வைத்தது அத்தை. ஆள் ஒல்லி, கேட்கிற கேள்வி சுருக்கென்று குத்தும்.

அத்தை, அப்பாவின் அக்கா. அவர்களோடுதான் இருந்தார். கடைவீதியில் முடி வெட்டும் கடை வைத்திருந்தார். ஆள் குள்ளம். அந்தக் குறையைப் பேச்சில் ஈடுகட்டிவிடுவார். தினமும் இரவுச் சாப்பாட்டின்போது, அன்று கடைக்கு வந்தவர்களைப் பற்றிக் கதை சொல்வார். பழைய மேஜையில் அவர் ஒரு கதையை முடிப்பதற்குள் சூப் ஆறி, தட்டு காய்ந்து, குண்டூசி ஒரு விரற்கடை வளர்ந்தே விடுவாள்.

இப்போதோ, அத்தை தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

"உட்காருங்க அண்ணி" என்றார் அம்மா.

"வேணாம்மா. எனக்கு நின்னு சாப்பிட்டாதான் உள்ள இறங்கும்."

"சரி, கதை சொல்லுங்க அத்தை" என்றாள் குண்டூசி.

"இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு. தலை நிறைய முடி, சிங்கம் மாதிரி..." அத்தை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினார். மறுபடி வலது காலுக்கு மாறினார். "சரி, அப்புறம் சொல்றேன்." தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த நாளும் கதை சிங்கத்தோடு நின்றது. அதற்கடுத்த நாள் சிங்கமே வரவில்லை.

ஒரு சாயங்காலம், அத்தை போனில் பேசுவது குண்டூசியின் காதில் விழுந்தது. "கடைக்கு மேல ஒரு அறை இருக்குன்னீங்களே, இன்னும் காலியா இருக்கா? எனக்குத்தான். நான் யோசிச்சுச் சொல்றேன்."

அத்தை வீட்டை விட்டுப் போகப் போகிறாரா? அத்தையிடம் கேட்டால், "சும்மா விசாரிச்சேன்" என்று சிரித்து மழுப்பிவிடுவார். அதனால் அவள் கேட்கவில்லை. யோசித்தாள். எவ்வளவு யோசித்தாள் என்றால், தலைமுடி நெற்றிக்கு வந்து, கண்ணை மறைத்தது.

முடி வெட்ட அத்தையின் கடைக்குப் போனாள். பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அத்தை அடியிலிருந்த மிதியை மிதிக்க, நாற்காலி புஸ் புஸ்ஸென்று உயர்ந்தது. பிறகு குண்டூசியின் பாதங்களைப் பிடித்து, கால் வைக்கும் கம்பியில் வைத்தார்.

"எதுக்கு அத்தை?"

"கால் அந்தரத்துல தொங்கினா ஆளு நெளிவாங்க. நீ நெளிஞ்சா உன் காது எனக்கு."

குண்டூசி நெளியவில்லை. காதுக்காக மட்டுமல்ல. கண்ணாடியில் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்கு வருகிறவர்களை எல்லாம் கால் தொங்காமல் உட்கார வைத்துவிட்டு, பொழுதுக்கும் நின்றுகொண்டே இருக்கிற அத்தை. வீட்டுக்கு வந்தும் நிற்கிற அத்தை.

முடி வெட்டி முடித்ததும் வீட்டுக்கு ஓடினாள். அப்பா ஒருக்களித்து உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஸ்டூலுக்கும் மேடைக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கு?"

அப்பா நாடாவைத் தேடி எடுத்து அளந்தார். அவர் முகம், தப்பாகக் கணக்குப் போட்ட மாணவனின் முகமாக மாறியது. "நாலு விரல்தான் இருக்கு."

"என் தொடைக்கே ஒரு சாண் வேணும்பா. உங்களுக்கு?"

"போதும், குத்தாதே" என்றார் அப்பா. "கீறல் இல்லாம இருந்தா மாத்திக்கலாம்னு கடைக்காரர் சொன்னாரு. நாளைக்குப் போவோம்."

"அத்தையும் வரணும்."

"நான் எதுக்கு?" என்றார், அப்போதுதான் கடை மூடிவிட்டு உள்ளே வந்த அத்தை. "நீங்க மூணு பேரும் உட்கார்ந்தா போதாதா?"

"சிங்க முடிக்காரர் பாதியில நிக்கிறாரு அத்தை. பாவம், அவரை எவ்வளவு நாள் நிக்க வைப்பீங்க? கடையில வந்து சொல்லுங்க."

கதை பாதியில் நிற்கிறது என்று சொன்னால் அத்தையால் தாங்க முடியாது. மறுநாள் பளபள ஸ்டூல்களோடு நான்கு பேரும் கிளம்பினார்கள்.

ஸ்டூல் கடையில் மாதிரிக்கு ஒரு சமையலறையே கட்டி வைத்திருந்தார்கள். அப்பா நாடாவோடு பாய்ந்தார். மேடை, அவர்கள் வீட்டு மேடையின் உயரமேதான். கடைக்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்தார். "இது சுத்துங்க. இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கிறாங்க."

"உட்கார்ந்து கதை சொல்லுங்க அத்தை" என்றாள் குண்டூசி.

"ஒருத்தர் வந்தாரு. தலை நிறைய முடி, சிங்கம் மாதிரி. நாற்காலியில உட்கார்ந்து..." அத்தையின் கால் தொங்கியது. ஸ்டூல் மெல்லத் திரும்பியது. அடுத்த வரியை அத்தை அலமாரியிடம் சொன்னார். அதற்கடுத்த வரியைக் குப்பைக்கூடையிடம் சொன்னார். "சரி, அப்புறம் சொல்றேன்."

"இது வேணாம்" என்றாள் குண்டூசி.

அடுத்தது மெத்தை வைத்தது. அத்தை அதில் உட்கார்ந்தார், அமிழ்ந்தார், இன்னும் அமிழ்ந்தார். கடைசியில் மேடைக்கு மேலே அவருடைய கொண்டை மட்டும் தெரிந்தது. கொண்டை கதை சொன்னது: "நான் சீப்பை எடுத்தேன். அவரு, 'ஒரு நிமிஷம்மா'ன்னாரு. சரி, மீதியை வீட்டுல சொல்றேன். யாராவது கை குடுங்க."

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "பாப்பா, நீங்க ஸ்டூல் வாங்க வந்தீங்களா, கதை கேக்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள்."

மூலையில் ஒரு மர ஸ்டூல் இருந்தது. பளபளப்பு கிடையாது. கடைக்காரர் அதன்மேல் தன் டீ டம்ளரை வைத்திருந்தார். இடுப்பைத் தாங்க ஒரு சின்ன முதுகு. அகலமான இருக்கை. சுற்றிலும் கால் வைக்க ஒரு கட்டை. குண்டூசி டம்ளரை எடுத்துவிட்டு அதை மேடைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். நடுவில் சாண் வைத்துப் பார்த்தாள். ஒரு சாணும், கட்டைவிரல் ஆடிப் பாட இடமும் இருந்தது.

அத்தை உட்கார்ந்தார். அவருடைய பாதங்கள் கட்டையைத் தேடிப் பிடித்துக்கொண்டன. முதுகு சாய்ந்தது. "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு வந்தது. கடையிலிருந்த திரைச்சீலையெல்லாம் அந்தக் காற்றில் ஆடியது.

"என்ன சொல்லிட்டிருந்தேன்?"

"ஒரு நிமிஷம்மான்னாரு" என்றார் கடைக்காரர்.

"ஆமா. ஒரு நிமிஷம்மான்னு சொல்லிட்டு, மொத்த முடியையும் கழட்டி என் கையில குடுத்துட்டாரு. விக்கு. 'நீங்க வெட்டி வைங்க, நான் காய்கறி வாங்கிட்டு வந்துடறேன்'னு கிளம்பிட்டாரு. நான் என்ன பண்றது? நாற்காலி முதுகுல மாட்டி, துணி போர்த்தி, வெட்டிட்டிருக்கேன். அப்ப உள்ளே வந்த ஒரு அம்மா பாத்துட்டு, 'ஏம்மா, இவரோட மிச்சம் எங்க?'ன்னு கேட்டாங்க. 'மார்க்கெட்டுக்குப் போயிருக்கு'ன்னேன். அந்தம்மா அப்படியே வாசல் பக்கம் நகர்ந்தாங்க."

அம்மா சிரித்த சிரிப்பில் மேடையிலிருந்த மாதிரித் தட்டுகள் கடகடத்தன. கடைக்காரர் சுற்றும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்புறம்? அவரு வந்தாரா?" என்றார். அத்தை அடுத்த கதைக்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். குண்டூசி அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நெளியவே இல்லை.

"அங்கிள், இதுல நாலு" என்றாள்.

"இதுல பளபளப்பே இல்லையே" என்று முனகினார் அப்பா.

"உட்கார்ந்தப்புறம் சீட்டு யாருக்குங்க தெரியப் போகுது?" என்றார் அம்மா.

அன்று இரவு நான்கு பேரும் மேடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பாவின் முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. அத்தையின் தட்டு முதன்முறையாக மேடையில் இருந்தது. அப்போது அவருடைய போன் அடித்தது. குண்டூசியின் கையிலிருந்த ரொட்டி பாதி வழியில் நின்றது.

"அந்த அறையா?" என்றார் அத்தை. "வேண்டாங்க. வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அவர் குண்டூசியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கால்களைக் கட்டையில் வசதியாக வைத்துக்கொண்டார்.

"ஏன்னு கேக்கிறீங்களா? அது பெரிய கதைங்க. நீங்க நின்னுக்கிட்டா இருக்கீங்க?"

போனின் அந்தப் பக்கம், யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது.