அடைக்காத ஓட்டை

சாமான் ஏற்றிய லோரி கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசைக்குள் திரும்பியபோதே லோகேஸ்வரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எட்டு வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. இவர்களுடையது ஓரத்து வீடு. ஓரத்து வீடு என்றால் யாரும் வாடகையைக் கூட்டித்தான் கேட்பார்கள். இந்த ஓனர் குறைத்துக் கேட்டிருந்தார். மலிவாகக் கிடைக்கும் எதையும் லோகேஸ்வரி இரண்டு முறை திருப்பிப் பார்க்காமல் வாங்கியதில்லை.

"என்னாங்க, இந்த ஓனரு நம்மகிட்ட எதையாச்சும் மறைக்கிறாரா?"

"வாடகை கம்மின்னு கவலைப்படுற ஆளு நீ ஒருத்திதான் லா," என்று சிரித்துக்கொண்டே சுகுமாறன் மெத்தையை இறக்கினான். துறைமுகத்துக் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். எதையும் தூக்கி உரிய இடத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவன்.

ஐந்து மாதக் குழந்தை யுகேந்திரன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு நல்லம்மாள் சுடச்சுட டீயும் கறிபாப்பும் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறவள், வாய் நிறையப் பேச்சு. "எது வேணும்னாலும் கூப்பிடு மா. உங்க வீட்டுச் சாவி ஒன்னு எங்கிட்ட இருக்கு. ஓனரு அவசரத்துக்குக் குடுத்து வெச்சிருக்காரு."

நம் வீட்டுச் சாவி இவளிடம் எதற்கு? லோகேஸ்வரி டீயைக் குடித்து முடித்தாள்.

குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு மூடியே இல்லை. உள்ளங்கையை விரித்து வைத்தால்தான் மறையும், அவ்வளவு அகலம். குனிந்து பார்த்தாள். உள்ளே இருட்டு. ஊறிப்போன துணியும் அழுகிய இலையும் சேர்ந்த ஒரு வாடை மெதுவாக மேலே வந்தது.

மறுநாள் பிளாஸ்கைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் நல்லம்மாளின் குளியலறையை எட்டிப் பார்த்தாள். அங்கே அதே ஓட்டைக்கு மேல் இரும்புக் கம்பி வலை, நான்கு மூலையிலும் திருகாணி. அதன் மேல் ஈரச் சாக்கு. சாக்கின் மேல் செங்கற்கள்.

"எலிக்கு இவ்ளோ ஏற்பாடா ஆன்டி?"

"பின்னால லோங்காங் ஓடுதில்ல. எல்லா எலியும் அந்தச் சாக்கடையிலதான மா இருக்கு," என்றாள் நல்லம்மாள். பதிலைச் சொல்லிக்கொண்டே குளியலறைக் கதவைச் சாத்தினாள்.

அன்று மாலை துணி காயப்போடும் சாக்கில் லோகேஸ்வரி பின்சந்தில் நடந்து பார்த்தாள். ஏழு வீட்டுப் பின்சுவரிலும் தண்ணீர்க் குழாய் வெளியே வரும் இடத்தில் வலை வைத்துச் சிமெண்டு பூசியிருந்தது. ஒரு சுண்டெலி நுழைய இடமில்லை. இவள் வீட்டுக் குழாய் மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

சில நாளில் சோப்புக் கட்டியில் பல் தடம். அரிசி டின்னுக்குப் பின்னால் புழுக்கை. குழந்தைக்கு ஊசி போடப் போன இடத்தில் தாதி இதைக் கேட்டு முகம் மாறினாள். "எலிக்காய்ச்சல் பத்தித் தெரியும்தானே அக்கா? அதோட மூத்திரம் பட்ட தண்ணி போதும். சின்னப் பிள்ளைங்க தாங்காது." வீடு வரும்வரை லோகேஸ்வரி குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஓட்டையின் மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தாள்.

பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்து பார்த்தால் செங்கல் சுவரோரம் இருந்தது.

மறுபடி வைத்தாள். மறுபடியும் சுவரோரம்.

எலி தள்ளியிருந்தால் கல் சாய்ந்து கிடக்க வேண்டும். இது யாரோ எடுத்து, சத்தம் கேட்காமல், நேராக நிறுத்தி வைத்த கல்.

ஓனர் கமலநாதனுக்குப் போன் போட்டாள். "பெயிண்ட் அடிங்க, கிரில் போடுங்க, நான் ஒன்னும் கேக்கமாட்டேன். பாத்ரூம் ஓட்டைய மட்டும் தொட வேணாம்மா," என்றார் அவர். "உங்க வீட்டுக்காரருகிட்ட மொதல்லயே சொல்லிட்டேனே."

சுகுமாறன் தலையைச் சொறிந்தான். "அடைச்சா தண்ணி ஏறும்னு சொன்னாரு. சொன்னா நீ வரமாட்டேன்னுதான்..."

"உங்களுக்கு வாடகை. எனக்குப் பிள்ளை," என்றாள் அவள். அன்றிலிருந்து அவனையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலை, சுகுமாறன் ஓவர்டைம் போன பிறகு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, "கடைக்குப் போயிட்டு வரேன் ஆன்டி!" என்று கூவினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய், பின்சந்து வழியாகத் திரும்பி, செருப்பைக் கழற்றி உள்ளே நுழைந்தாள்.

குளியலறையில் நல்லம்மாள் குனிந்திருந்தாள். கையில் செங்கல்.

"என்னா ஆன்டி இது?"

நல்லம்மாள் திடுக்கிட்டாள். ஆனால் திருடி மாட்டிக்கொண்டவள் முகம் இல்லை அது. பயந்தவள் முகம். கல்லைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எலிக்குன்னு ஒரு வருசம் இந்த லைன்ல எட்டு வீடும் ஒன்னா அடைச்சோம் மா. அடைச்சதும் பாயிப்புக்குள்ளேர்ந்து முட்டுற சத்தம். இன்னிக்கு என் வீடு, நாளைக்கு அடுத்த வீடு. மூடிய கீழேர்ந்து முட்டுது. எலி அப்படி முட்டாது. கடைசில இந்த வீட்டு மூடிதான் பேந்துச்சி. அப்புறம்தான் சத்தம் நின்னுச்சி."

"அப்ப என்னா அது?"

"யாரு பாத்தா? வரும், வீட்ட ஒரு சுத்து சுத்தும், வந்த வழியா போயிடும். யாரையும் ஒன்னும் செய்யாது. வழி மட்டும் அடைக்கக் கூடாது."

லோகேஸ்வரிக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. "உங்க ஏழு வீடும் சுத்தமா இருக்கணும், அதுக்கு என் வீடு லோங்காங்கா? இங்க கைப்பிள்ளை இருக்கான்னு தெரிஞ்சே பண்ணீங்களா?"

நல்லம்மாள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். சாவியை வாங்கிக்கொண்டு லோகேஸ்வரி அவளை வெளியே அனுப்பினாள். அவள் சொன்ன கதையை ஒரு சொல் நம்பவில்லை. ஏழு வீட்டு எலியையும் ஒரு வீட்டுக்குள் விட்டுவிட்டு அதற்கு ஒரு பேய்க்கதை என்றே நினைத்தாள்.

ஹார்ட்வேர் கடையில் கம்பி வலையும் சீக்கிரம் இறுகும் சிமெண்டும் வாங்கி வந்தாள். குழந்தையை நடுக்கூடத்துத் தொட்டிலில் போட்டுவிட்டு வேலையில் இறங்கினாள். வலையை இரண்டாக மடித்து ஓட்டைக்குள் இறக்கி, மேலே சிமெண்டைக் குழைத்து அப்பினாள். சமையலறைத் தொட்டிக்கு அடைப்பான். துணி துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீர் போகும் குழிக்கும் சிமெண்டு. பின்கதவு இடுக்கில் தகரம். முன்கதவைத் தாளிட்டு அடியில் பழைய துண்டைச் சுருட்டிச் செருகினாள்.

இனி எலி என்ன, எறும்புகூட வராது. நெஞ்சு நிறைந்து போயிற்று அவளுக்கு.

மதியம் தாண்டியதும் வானம் கருத்தது. மழை தகரக் கூரையில் இறங்கிய வேகத்தில் வீடு இருட்டிப் போனது. லோகேஸ்வரி குளியலறை வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். முட்டுமாமே, முட்டட்டும்.

சிமெண்டுக்குக் கீழே ஒரு சத்தமும் இல்லை.

சத்தம் சமையலறையில் கேட்டது.

ஈரத் துணியைத் தரையில் இழுப்பது போன்ற சத்தம். நின்றது. மறுபடி இழுத்தது.

முன்ஜன்னல்வரை பின்வாங்கி உறைந்து நின்றாள். அப்போது ஜன்னல் கண்ணாடியை யாரோ வெளியிலிருந்து தட்டினார்கள். குடைக்கடியில் நல்லம்மாள். ஜன்னலைத் திறந்ததும் அவள் கிசுகிசுத்தாள்.

"அடைச்சிட்டியா?"

"அடைச்சிட்டேன். அதுக்கென்ன?"

"எங்க யாரு வீட்டுலயும் முட்டவே இல்ல மா." நல்லம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "நீ அடைக்கறப்ப அது வெளிய இருந்துச்சா? உள்ள இருந்துச்சா?"

லோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள்.

தரையில் ஈரத் தடம். ஒரு சாண் அகலம். எலி போவது போலவே சுவரை ஒட்டிப் போயிருந்தது. அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, தொட்டியின் அடைப்பான்வரை ஏறி இறங்கியிருந்தது. அங்கிருந்து சிமெண்டு பூசிய குழிக்கு. அங்கே ஒரு வட்டம். பின்கதவுத் தகரத்துக்கு. அங்கேயும் ஒரு வட்டம். பிறகு குளியலறைக்குள். அவள் காது கொடுத்து நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே போயிருந்தது. முன்கதவுத் துண்டு நனைந்திருந்தது.

அவள் அடைத்த ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்திருக்கிறது.

முன்கதவிலிருந்து தடம் நடுக்கூடத்துக்குத் திரும்பியது.

தொட்டிலில் யுகேந்திரன் வீறிட்டு அழுதான்.

பாதியில் நின்றது அழுகை.

"ஐயோ, என் பிள்ளை!" ஓடினாள். துணியை விலக்கினாள். குழந்தை நன்றாக இருந்தான். கையைக் காலை உதைத்தான். அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். வாரி எடுத்து உடம்பெல்லாம் தடவினாள். ஒரு கீறல் இல்லை.

தடம் தொட்டிலுக்கு அடியில் முடிந்திருந்தது. அங்கிருந்து எங்கும் போகவில்லை.

மழை விடுவதற்குள் சுகுமாறன் வந்து சேர்ந்தான். தடத்தைப் பார்த்ததும் சுத்தியலை எடுத்துக் குளியலறைச் சிமெண்டை உடைத்தான், வலையைப் பிய்த்து எறிந்தான், மற்ற எல்லா வழியையும் திறந்துவிட்டான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் கார் நிறுத்தும் இடத்தில் நின்று உள்ளே பார்த்தபடி காத்திருந்தார்கள். பொழுது சாயத் தொடங்கியது. எதுவும் இழுபடும் சத்தம் கேட்கவில்லை. குழந்தையும் அழவில்லை. பால் கொடுத்தபோதும் குடிக்கவில்லை.

அப்படியே காரில் ஏறி பூச்சோங்கில் இருந்த அவள் அக்கா சந்திரகலாவின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உயரத்தில் வீடு, எல்லா விளக்கும் எரிந்தது, அக்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

நல்லம்மாளிடமிருந்து போன் வந்தது.

"ஓட்டைய தொறந்துதான வெச்சிட்டுப் போனீங்க?"

"ஆமா ஆன்டி. எல்லாத்தையும் தொறந்துட்டோம்."

"நான் பயந்துகிட்டே ஒவ்வொரு வீடா போயிக் கேட்டேன். மழை பேஞ்சா பாயிப்புல நகருற சத்தமாவது இருக்கும் மா. இன்னிக்கு இல்ல. அது இப்ப லோங்காங்ல இல்ல." பிறகு கேட்டாள்: "பிள்ளை நல்லா இருக்கானா?"

"நல்லாத்தான் இருக்கான்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சந்திரகலா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னா வாடை இது? பாத்ரூம்லேர்ந்தா வருது?"

சுகுமாறன் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தான். "இங்க எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு அக்கா."

மடியில் யுகேந்திரன் கொட்டாவி விட்டான். லோகேஸ்வரி வழக்கம்போல அவன் முகத்தருகே குனிந்தாள்.

பால் மணம் இல்லை. ஊறிப்போன துணி. அழுகிய இலை.

அவள் கை தானாக எழுந்து அவன் வாயை மெல்லப் பொத்தியது. குழந்தை அழவில்லை. திமிறவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து எதுவோ அவள் உள்ளங்கையை முட்டியது.

லோகேஸ்வரி கையை எடுத்துவிட்டாள். அடைக்கக் கூடாது என்று இப்போது அவளுக்குத் தெரியும்.