ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பிள்ளைகள்

தூத்துக்குடியில் பிள்ளைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கத் தொடங்கினார்கள். முதல் வார்த்தையும் அன்றுதான் வரும், முதன்முதலாகத் தவழ்வதும் அன்றுதான். சாயங்காலம் பேக்கரிகளில் மக்ரூன் வாங்கக் கூட்டம் நெரியும். "மூத்தவனா, இளையவனா?" என்று கடைக்காரர் விசாரிப்பாரே தவிர, மற்ற நாட்களில் இந்தக் கால்கள் எங்கே போயிருந்தன என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாம் தருணக்காப்பு செய்த வேலை. பிள்ளையின் கணுக்காலில் மாட்டும் மெல்லிய வளையம் அது. இதுவரை செய்யாத ஒன்றைப் பிள்ளை செய்ய முனையும்போது, மூளையிலிருந்து கிளம்பும் உந்துதலை முன்கூட்டியே மோப்பம் பிடித்து லேசாக அதிரும். வந்த தும்மல் அடங்கினாற்போல் அந்த ஆசை அடங்கிவிடும். பெற்றவள் விரலில் இருக்கும் இணைமோதிரம் பக்கத்தில் வந்தால் மட்டும் வளையம் சும்மா கிடக்கும். வாரநாட்களில் தாய்மார் வந்து தூக்கும்போது பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் இருப்பதால், எல்லாமே ஞாயிற்றுக்குத் தள்ளிப்போகும். வலி கிடையாது, பக்கவிளைவு கிடையாது. வேலைக்குப் போகிறவர்களின் மன உறுத்தலுக்கு இதைவிட நல்ல மருந்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஜெசிந்தாவுக்கு அந்த உறுத்தல் கொஞ்சம் அதிகம். துறைமுகத்துக் கிரேன்களைத் திரைக்கு முன் உட்கார்ந்து இயக்குகிறவள் அவள். மகன் இனிகோவுக்கு ஒன்பது மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அவர்கள் கூப்பிட்டது பாதி, அவளே போக ஆசைப்பட்டது பாதி. அந்த இரண்டாவது பாதிதான் அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

இரண்டு காப்பகங்களைப் போய்ப் பார்த்தாள். ஒன்று தெருமுனையில் செல்வி நடத்தியது. தரையெல்லாம் சோற்றுப்பருக்கை. செல்வியின் இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. காப்பு கீப்பு எதுவும் அங்கே கிடையாது.

"பிள்ள நடக்கிற அன்னைக்கு நடக்கும்மா. நாங்க கைதட்டுவோம். சாயங்காலம் நீங்க வாரப்ப சொல்லுவோம்," என்றாள் செல்வி.

அந்தக் கைதட்டல் ஜெசிந்தாவைச் சுருக்கென்று தைத்தது. என் பிள்ளையின் முதல் அடிக்கு இவள் கைதட்டுவதா?

மற்றது கண்ணாடிச் சுவரும் ஏசியுமாக மின்னியது. "எல்லா முதலும் உங்களுக்குத்தான், மேடம். நாங்க ஒண்ணக்கூட எடுத்துக்க மாட்டோம்," என்றார் மேலாளர்.

கணவன் லூர்துக்கு அதில் மனசில்லை. "செல்விக்காகிட்டயே விடலாம் ஜெசி. அவன் கைதட்ட ஆளா தேடுதான்? நடக்கத்தான பாக்கான்."

"பெத்தவ பாக்காம நடந்தா அது என்ன நடை?" என்றாள் ஜெசிந்தா. அந்த வாரமே கண்ணாடிச் சுவர்க் காப்பகத்தில் பிள்ளையைச் சேர்த்து, காலில் காப்பும் மாட்டிக்கொண்டு வந்தாள்.

பதினோராம் மாதத்தில் இனிகோ சுவரைப் பிடித்து நின்று ஒரு காலைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தான். அந்த ஞாயிறு பார்த்துக் கப்பல் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் இன்னொரு கப்பல். லூர்து வீட்டிலிருந்து போன் செய்தான்: "துடிக்கான் ஜெசி. காப்பக் கழத்திரட்டா?"

"நான் வாரவரைக்கும் கழத்தாத."

சொல்லிவிட்டுக் கிரேனை இயக்கினாள். அவன் கால் தயாராகிவிட்டது, அம்மாதான் இன்னும் தயாராகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாவது ஞாயிறு அவன் அவளை நோக்கி நடந்து வந்தான். அவள் அழுதாள், சிரித்தாள், தெரு முழுக்க மக்ரூன் கொடுத்தாள். மனசின் பாரம் இறங்கிவிட்டது என்றே நினைத்தாள்.

ஒன்றரை வயதில் காப்பைக் கழற்றினார்கள். சில மாதம் கழித்துக் காப்பகத்திலிருந்து அழைப்பு வந்தது. இனிகோ அங்கே நடப்பதில்லையாம்.

ஜெசிந்தா போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மறைந்து நின்றாள். உள்ளே பிள்ளைகள் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சத்தமே இல்லை. ஒரு பந்து இனிகோவின் பக்கத்தில் உருண்டு வந்தது. கையை நீட்டினான், வாசலைப் பார்த்தான், கையை மடக்கிக்கொண்டான்.

"கருவியில குறை இல்ல, மேடம்," என்றார் மேலாளர். "உங்க முகத்தப் பாத்தாத்தான் எதையும் செய்யணும்னு பழகிட்டாங்க. எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்."

அவள் உள்ளே நுழைந்தாள். இனிகோ விசை போட்டதுபோல் எழுந்து நடந்து வந்தான். மற்ற பிள்ளைகள் அவரவர் அம்மா வருகிறாளா என்று அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். ஜெசிந்தா மகனை வாரி எடுத்தாள். ஆசை ஆசையாய்ப் பார்த்தே பிள்ளையைக் கட்டிப்போட்டிருக்கிறோமே, பாவி!

மறுநாளே செல்வியிடம் கொண்டுபோய் விட்டாள். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. கைதட்டிக் கூப்பிட்டார்கள், பொம்மையைக் காட்டினார்கள். இனிகோ வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

ஒரு சாயங்காலம் ஜெசிந்தா பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது, செல்வி கையைப் பிசைந்துகொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கோவிச்சிக்காதீங்கம்மா. பால் பொங்கிட்டுன்னு உள்ள ஓடிட்டேன். வந்து பாத்தா இவன் அந்தக் கடேசியில ஜன்னல்கிட்ட நிக்கான். எப்படிப் போனான்னு நான் பாக்கல. யாருமே பாக்கல."

திட்டு விழும் என்று செல்வி காத்திருந்தாள். ஜெசிந்தா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மகன் நடந்திருக்கிறான், தனக்காக, யாருக்கும் காட்டாமல்.

அதற்குள் உள்ளேயிருந்து இனிகோ அம்மாவைப் பார்த்துவிட்டான். முகம் மலர எழுந்து, அவள் கண்களைத் தேடியபடி ஒரு காலைத் தூக்கினான்.

ஜெசிந்தா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்னால் ஓர் அடி கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கச் சொல்லி உடம்பெல்லாம் பதறியது. பெற்ற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கொடுமையை அவள் செய்ததில்லை.

"செல்விக்கா, நீங்களும் பாக்காதீங்க," என்றாள்.