முந்நூற்றுப் பதினெட்டு

காலை 8.10.

விலை திருட்டுப் போயிருந்தது.

பணம் திருட்டுப் போவதுண்டு, பண்டம் திருட்டுப் போவதுண்டு. விலையே திருட்டுப் போவது டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்குப் பிராசசர் செய்கிற கம்பெனிகளில்தான் நடக்கும். மறுநாள் காலை பத்து மணிக்கு மேடையில் அறிவிக்க வேண்டிய ஆறு புதிய பிராசசர்களின் விலைப்பட்டியல், வதந்திக்கென்றே நடக்கிற ஓர் இணையதளத்தில் முழுப் படமாகப் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. எதிர்க் கம்பெனியோ தன் புதுச் சரக்குக்கு அதே நாள் ஒன்பது மணிக்கே விலை சொல்லப் போகிறது. ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிற எதிராளிக்கு நம் விலை முதல் நாளே தெரிந்தால், அப்புறம் நாம் மேடை போடுவது நாற்காலி வாடகைக்கு விடுகிறவனுக்கு லாபம், அவ்வளவுதான்.

காலை 8.40.

முதலாளி போலீசைக் கூப்பிடவில்லை. பூதக்கண்ணாடியைக் கூப்பிட்டார்.

அது வாரன்ட்டிப் பிரிவில் இருக்கும் ஓர் அம்மாளின் பட்டப்பெயர். பழுது என்று திரும்பி வருகிற சிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அடியிலிருக்கும் ஊசிக்கால்களை வளைத்தது யார் என்று சொல்வது அவள் வேலை. பதினாறு வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் அவளிடம் "பெட்டியைத் திறக்கும்போதே அப்படித்தாங்க இருந்துச்சு" என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். அதில் மூன்று பேர் சொன்னது உண்மை. அந்த மூவரில் ஒருவர் பெட்டியையே திறக்கவில்லை.

"உக்காருங்கம்மா," என்றார் முதலாளி. "பட்டியல் ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் போச்சு. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு நானே ரெண்டு தாள் அச்சடிச்சேன். கம்ப்யூட்டர்லேருந்து அழிச்சேன். நானே பச்சை மையில கையெழுத்துப் போட்டேன். மை காயக்கூட விடலை, மூணா மடிச்சு, உறையில போட்டு ஒட்டி, நானே நடந்துபோய் ரெண்டு பேர் கையிலயும் குடுத்தேன். நடுவுல ஈ எறும்பு தொடலை."

"ரெண்டும் ஒரே மாதிரித் தாளா?"

முதலாளி புன்னகை செய்தார். "அங்கதான் ஒரு கண்ணி வச்சேன். நாலாவது பிராசசருக்கு விலை 319 டாலர். விற்பனை மேனேஜர் தாள்ல 317ன்னு போட்டேன். விலைப்பிரிவுத் தாள்ல 318. இப்ப வெளிய வந்திருக்கிறது 318."

விலைப்பிரிவு என்றால் ஒரே ஆள். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கம்பெனியின் சிப்புகளுக்கு விலை வைக்கிறவள். பூதக்கண்ணாடிக்கு நாத்தனார்.

"உங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாதுன்னு கேள்விப்பட்டேன்," என்றார் முதலாளி இதமாக. "அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். நாளைக்கு யாரும் சொந்தக்காரின்னு சாதகமா எழுதினாங்கன்னு சொல்ல முடியாது பாருங்க. நாலு மணிக்குள்ள ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நாலேகாலுக்கு நான் போலீசுக்குக் குடுத்துடறேன்."

பேச்சுவார்த்தை கிடையாது என்பது உண்மைதான். ஒரே வீட்டின் கீழும் மேலுமாக இருந்துகொண்டு, துணி துவைக்கும் மெஷின் ஒன்றை முன்னிட்டு, இரண்டு வருஷமாக இருவரும் நடுவில் ஒருவரை வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். அந்த நடு ஆளுக்கு, ஒருத்திக்குப் புருஷனாகவும் மற்றவளுக்கு அண்ணனாகவும் இருந்த பாவத்தால், முடி முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் பூதக்கண்ணாடி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விலையை விற்றவள் என்று ஒரு தரம் பெயர் வந்தால், இந்தத் தொழிலில் எந்தக் கம்பெனியும் அவளை வாசற்படி ஏற விடாது. சிறை தனி.

காலை 9.15.

விற்பனை மேனேஜர் தன் அறையில் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். மேஜையில் இரண்டு போன் ஒரே நேரத்தில் கத்தின.

"உறையை எப்பப் பிரிச்சீங்க?"

"பிரிக்கவே இல்லை மேடம்."

"ஏன்?"

"பயம். எனக்கு ரகசியம் தெரிஞ்சா முகத்துல எழுதி ஒட்டின மாதிரி ஆயிடும். என் பொண்டாட்டி கல்யாணமான மூணாம் நாளே கண்டுபிடிச்சுட்டா."

அலமாரியைத் திறந்து உறையை நீட்டினார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அவர் முன்னாலேயே பிரித்தாள். மூன்றாக மடித்த தாள். நாலாவது வரியில் 317. பச்சைக் கையெழுத்து. ஈரத்தோடு மடித்ததால் அந்தக் கையெழுத்து எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக ஒற்றிக்கொண்டிருந்தது.

"கடைக்காரங்க என்ன சொல்றாங்க?"

"முன்பதிவை ரத்து பண்றாங்க மேடம். இந்த விலைன்னா எதிர்க் கம்பெனி சரக்கே போதுங்கறாங்க. இது கவிழ்ந்தா நானூறு பேருக்கு வேலை போகும். முதல் ஆள் நான்."

காலை 10.30.

நாத்தனாரின் அறைக்கு வெளியே ஒரு காவலாளி நின்றான். உள்ளே அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் சுவரிடம் பேசினாள்.

"வேடிக்கை பாக்க வந்தாச்சா? அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, இனிமே மெஷினை இஷ்டத்துக்கு ஓட்டலாம்னு."

"உங்க அண்ணன் இங்க இல்லை. என் மூஞ்சியைப் பாத்துப் பேசு. நீ பண்ணினியா?"

நாத்தனார் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "இல்லை அண்ணி."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த 'அண்ணி'. பூதக்கண்ணாடி அதைக் காதில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

"தாள் எங்கே?"

"பூட்டின டிராயர்ல. சாவி என் கழுத்துல."

தாள் வந்தது. மூன்று மடிப்பு. எதிர்ப்பக்கத்தில் பச்சைக் கறை. நாலாவது வரியில் 318 என்பதன் எட்டை அடித்துச் சிவப்பு மையில் ஒன்பதாக்கியிருந்தது.

"இது என்ன?"

"நம்ம விலை எதுவும் ஒன்பதுல முடியாம இருந்ததே கிடையாது. எட்டைப் பாத்ததும் கை துறுதுறுன்னுச்சு. திருத்திட்டுப் பூட்டினேன்."

வாசலில் நிழலாடியது. முதலாளி எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா? தடயத்தை அழிச்சிருக்காங்க. படம் எடுத்துட்டு அப்புறம் திருத்தினாங்கன்னு எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாத்தனார் சிவப்பு ஒன்பதைப் பார்த்தாள். முன்னால் திருத்தினாளா, பின்னால் திருத்தினாளா என்று மைக்கு எப்படித் தெரியும்?

பகல் 12.05.

பூதக்கண்ணாடி தன் மேஜையில் இணையதளப் படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கினாள். பக்கத்தில் நாத்தனாரின் தாளை வைத்தாள். கம்ப்யூட்டர் திரைமேலேயே பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கிறவர்களைக் கண்டு சிரிக்கிறவர்கள் உண்டு. அவள் அவர்களுக்காக வாழவில்லை.

கையெழுத்தின் வால் இரண்டிலும் ஒன்றே. வால் முடிவில் பேனா தடுக்கிச் சிந்திய புள்ளியும் ஒன்றே. தாளின் இடது ஓரத்தில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு, அதுவும் ஒன்றே. சந்தேகமே இல்லை. படத்தில் இருப்பது நகலல்ல. நாத்தனாரின் கழுத்துச் சாவி பூட்டிவைத்த அதே தாள்.

பூதக்கண்ணாடி தாளைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். நாலு மணிக்குள் எழுத வேண்டிய பக்கம் தானே எழுதிக்கொண்டுவிட்டது போலிருந்தது. திரும்பி வந்து இன்னொரு தரம் பார்த்தாள். இந்த முறை எழுத்தைப் பார்க்கவில்லை, சிப்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பகல் 2.30.

முதலாளியின் அறை. விற்பனை மேனேஜர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். நாத்தனார் நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எழுதிட்டீங்களா?" என்றார் முதலாளி.

"ஒரு சந்தேகம் சார். வளைஞ்ச ஊசிக்காலை நிமிர்த்தி அனுப்பறவங்க உண்டு. கண்ணுக்குத் தெரியாது. ஆனா ஒரு தரம் வளைஞ்சது வளையாத மாதிரி ஆகவே ஆகாது. வளைஞ்ச இடத்துல கோடு நிக்கும். தாளுக்கும் அதே கதிதான்."

"அதனால?"

"படத்துல இருக்கிற தாள்ல மடிப்பே இல்லை."

விற்பனை மேனேஜர் கைக்குட்டையைக் கீழே போட்டார்.

"உங்க அறையை விட்டு வெளிய வரும்போதே தாள் மூணா மடிஞ்சுதான் வந்துச்சு. என் நாத்தனார் கையில கிடைச்சதும் மடிச்ச தாள்தான். அவங்க எடுத்த படம்னா ரெண்டு கோடு குறுக்க ஓடணும். பச்சை மையும் எதிர்ப்பக்கத்துல ஒற்றியிருக்கணும். ரெண்டும் இல்லை. சும்மா சலவைச் சட்டை மாதிரி இருக்கு. அப்ப இந்தப் படம் எடுத்தது கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம், மடிக்கிறதுக்கு முன்னால. மை காயறதுக்குள்ள மடிச்சேன்னு நீங்களே சொன்னீங்க. அந்த அரை நிமிஷம் இந்த அறையில யார் இருந்தா? ஈ எறும்பு இல்லைன்னும் நீங்கதான் சொன்னீங்க."

தவளைக்கு எதிரி பாம்பென்று படித்தவர்கள் சொல்வார்கள். அதன் வாயை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

"என் விலையை நானே ஏம்மா திருடணும்?" முதலாளியின் குரல் கொஞ்சம் மேலே போனது.

"அதுக்குத்தான் ரெண்டு மணி நேரம் ஆச்சு. தன் வீட்டுத் தானியத்தைத் தானே வாரி இறைக்கிறவன் ஒண்ணு பைத்தியம், இல்லன்னா குருவி பிடிக்கிறவன். உங்களைப் பாத்தா பைத்தியமா தெரியலை. 318ன்னு எதிர்க் கம்பெனி நம்பினா, அவன் 299ன்னு சொல்லிட்டுச் சந்தோஷமா இருப்பான். ஒரு மணி நேரம் கழிச்சு நீங்க அதுக்கும் கீழ ஒண்ணு சொல்லுவீங்க. என்ன சார், எவ்வளவு?"

முதலாளி மேஜையைப் பார்த்தார். "279."

விற்பனை மேனேஜர் "ஐயோ" என்றார். சந்தோஷத்திலா துக்கத்திலா என்று அவருக்கே தெரியாது.

"ஆனா வெறும் வதந்தியை எவன் நம்புவான்? திருட்டு, திருட்டுன்னு கூச்சல் போட்டு, ஒரு ஆளைப் பிடிச்சுப் போலீசுல குடுத்தாத்தான் பொருள் அசல்னு நம்புவான். அதுக்கு ஒரு ஆள் வேணும். அவங்களைக் குற்றவாளின்னு எழுத ஒரு அண்ணி வேணும்."

"ஒரு வாரத்துல புகாரை வாபஸ் வாங்கியிருப்பேன்," என்றார் முதலாளி. "நானூறு குடும்பம்மா. இப்ப இது வெளிய போனா எதிராளி உஷாராயிடுவான். அத்தனையும் போச்சு."

பூதக்கண்ணாடி நாத்தனாரைப் பார்த்தாள். இது அவள் விலை. அவள்தான் சொல்ல வேண்டும்.

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போலீஸ் கிடையாது. நீங்க செஞ்சதை உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு மேடையில அதைப் படிச்சுட்டுத்தான் விலை சொல்லணும். அதுவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். கடிதம் அண்ணிகிட்ட இருக்கட்டும். என்னைப் பத்தின ஒரு காகிதத்தை அவங்க தொலைக்கவே மாட்டாங்க."

மறுநாள் காலை 9.00.

மேடைக்குப் பின்னால் நால்வரும் ஒரு சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின இரவு யாரும் தூங்கவில்லை என்பது ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. எதிர்க் கம்பெனித் தலைவர் சிரித்தபடி வந்தார், சிப்பைத் தூக்கிக் காட்டினார், விலையைச் சொன்னார்.

259.

அவர்கள் வதந்தியை நம்பவில்லையா, நம்பியும் துணிந்தார்களா, அந்த இணையதளத்தைப் படிப்பதே இல்லையா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. குருவி வேறு தோட்டத்தில் மேய்ந்துவிட்டது. 279 என்று எழுதிய காகிதத்தை முதலாளி மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"எவ்வளவு வரைக்கும் இறங்கலாம்?" என்றார் நாத்தனாரைப் பார்த்து.

நானூறு பேரின் பிழைப்பு எந்த எண்ணில் தாங்கும், எந்த எண்ணில் உடையும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"முதல்ல கடிதம்," என்றாள் நாத்தனார்.

"இப்ப போய்க் கடிதமா? அதைப் படிக்கிறதால இனி கம்பெனிக்கு என்ன பிரயோஜனம்?"

"கம்பெனிக்கு ஒண்ணுமில்லை. எனக்கு."

பூதக்கண்ணாடி கைப்பையைத் திறந்து கடிதத்தை நீட்டினாள்.

காலை 10.00.

முதலாளி மேடையேறினார். படித்தார். கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு சிரிக்கவில்லை. முழுக்கப் படித்துவிட்டு, விலை சொல்ல வேண்டிய இடத்தில் நின்று, திரைமறைவைப் பார்த்து விழித்தார்.

"நன்றி கின்றின்னு எதிர்பாக்காதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதிர்பாக்கலை. விலையைச் சொல்லித் தொலை. மனுஷன் விழுந்துடுவான் போலிருக்கு."

நாத்தனார் ஒரு துண்டுத்தாளில் ஓர் எண்ணை எழுதி விற்பனை மேனேஜரிடம் கொடுத்தாள். அவர் ஓடினார். முதலாளி தாளைப் பிரித்துப் பார்த்தார், ஒரு வாய் தண்ணீர் குடித்தார், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"249."