குழாயில் மூன்று தட்டு

எட்டுத் தெரு தள்ளி யாராவது கொட்டாவி விட்டால், எந்த வீடு, எந்த மாடி என்று குழாயில் காது வைத்தே சொல்லிவிடுவார் அவர். முப்பத்தாறு வருடம் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாய்மேல் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால் பூமிக்கடியில் கசிவு மட்டுமா கேட்கும்? ஆற்றுக்கு அப்பால் எந்த மாமியார் எந்த மருமகளை முறைக்கிறாள் என்பதும் கேட்குமாம். ஊரே தலையாட்டியது. மனைவி மட்டும் நம்பவில்லை. பக்கத்தில் நின்று கூப்பிட்டால் கேட்காத காது, ஆற்றைத் தாண்டுமாக்கும் என்பாள்.

இன்று குழாயில் ஒன்றுமே கேட்கவில்லை.

பீரங்கிகள் மலையடிவாரத்துக்கு வந்துவிட்டன. ஊரைவிட்டுப் போகச் சாயங்காலம் கடைசி லாரி. தன் தங்கையை அழைத்துவரக் காலையிலேயே பின்தெருவுக்குக் கிளம்பிய மனைவியிடம், போய்ச் சேர்ந்ததும் அங்கே குழாயில் மூன்று தட்டுத் தட்டச் சொன்னார்.

"நான் என்ன மரங்கொத்தியா? தண்ணி வந்தா வாளியை ரொப்பி வைங்க, போதும்."

மணி பன்னிரண்டு. ஒவ்வொரு முழக்கத்துக்கும் அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று கிசுகிசுத்தன, உத்தரத்திலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து ஈரத் தரையில் படிந்தது, கொடியில் அவள் உலர்த்திய புடவை காற்றே இல்லாமல் லேசாக அசைந்தது. கம்பியைக் காதில் அழுத்தியபடி சமையலறையில் அவர் தனியாகக் குந்தியிருந்தார்.

டக். டக். டக்.

சிரிப்பு வந்துவிட்டது. இவரும் மூன்று தட்டினார். மூட்டைகளை வாசலில் எடுத்து வைத்தார்.

அப்போது எதிர்வீட்டுத் தையற்காரர், மெஷின் தலையைத் தோளில் சுமந்தபடி ஜன்னலருகே நின்றார். இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே, கிளம்புங்க. குண்டு விழுந்து பின்தெரு காலையிலயே போயிடுச்சு. உங்க மச்சினி வீட்டுல யாரும் வெளிய வரலைண்ணே. தண்ணிக் குழாய்கூட ரெண்டாப் பிளந்து மேல தூக்கிக்கிட்டு நிக்குது."

தையற்காரர் போய்விட்டார். தெருவில் செருப்புச் சத்தம் தேய்ந்தது. பிறகு எதுவுமில்லை.

பிளந்த குழாயில் சத்தம் வராது. இது அவருக்குத் தெரியாததா?

டக். டக். டக்.

கம்பி கையில் இல்லை. காதிலும் இல்லை. சத்தம் குளியலறைச் சுவரிலிருந்து வந்தது.

டக். டக்.

சமையலறைச் சுவர். அவர் முதுகுக்குப் பின்னால்.

டக்.

குழாய் இருமியது. தண்ணீர் இல்லை. செங்கல் பொடி கொட்டியது. வாளி நிறையத் தொடங்கியது. பொடி நின்றது. குழாயின் வாயில் ஒரு விரல் நுனி. வெள்ளையாக. மெல்ல அசைந்தபடி.

"இத்தனை வருசம் நம்பலைங்க," என்றது உள்ளிருந்து அவள் குரல். "நீங்க சொன்னது நிசந்தான். இங்கேருந்து எல்லா வீடும் கேக்குது."