கார்டியோமயோபதி என்றொரு படகு

பேத்திக்கு அனீமியா என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டார் பெரியவர். தன் நோயின் பெயர்தான்; சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் பிடித்துப்போயிருந்தது. பிள்ளையை ரத்தமின்மை என்றா கூப்பிடப் போகிறீர்கள் என்று டாக்டர் ஜெனிட்டாவுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் வேலை போய்விடும். "எங்க தெருவுலயே ரெண்டு அனீமியா இருக்கு தாத்தா, வேற பாருங்க" என்று சமாளித்து, மாத்திரை கொடுத்து அனுப்பினாள்.

தூத்துக்குடி மருத்துவமனையில் எல்லா நாளும் இப்படித்தான். பழைய ஸ்கேனரின் வாரிசான உடல்வாசிப்பான் நோயைக் கண்டுபிடிக்கும். ஜெனிட்டா அதன் பெயரை வாசிப்பாள். பாட்டு கேட்டதுபோல் தலையாட்டிவிட்டு நோயாளி வீட்டுக்குப் போவார்.

நோயின் பெயரை மக்கள் பேசுகிற எந்த மொழியிலும் சொல்லக்கூடாது என்பது சட்டம். தாலாட்டு கேட்ட மொழியில் சொன்னால் உடம்பு அதை நம்பிவிடுகிறது, நம்பியவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள் என்று அவள் பிறப்பதற்கு முன்பே நிரூபித்திருந்தார்கள். யாருக்கும் தாய்மொழியாக இல்லாத பழைய கிரேக்கமும் லத்தீனும் கைகொடுத்தன. அந்த வேர்ச்சொற்களின் பொருள் மருத்துவர்களுக்கு மட்டும். ஊர் நிம்மதியாக இருந்தது. மருத்துவர்கள் வீட்டில்தான் பேச்சு குறைந்துபோயிருந்தது.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனாள். அவள் கணவர் ரெமிஜியுஸ் தான் கட்டிய புதுப் படகுக்குப் பெயர் எழுதி முடித்திருந்தார். முகப்பிலிருந்து பாதிப் படகுவரை, நீல எழுத்தில்: கார்டியோமயோபதி. போன மாதம் அவருக்கு அவளே வாசித்த பெயர்.

"எப்படி இருக்கு?"

"நீளமா இருக்கு."

"பாத்தவங்க எல்லாம் நல்லாருக்குன்னாங்க. வளைஞ்சு வளைஞ்சு போகுதுல்லா" என்றபடி தூரிகையைக் கழுவினார்.

அவள் கடலைப் பார்த்து நின்றாள். வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், குழம்புக்கு உப்பு போதுமா என்பதைத் தாண்டி அவரிடம் பேசியே ஒரு மாதம் ஆகிறது. கல்யாணமான நாளிலிருந்து ஓயாமல் பேசிச் சிரித்தவர்கள். அந்தப் பேச்சுக்காக ஏங்கினாள். பக்கத்திலேயே இருக்கிற மனிதருக்காக ஏங்குவதை யாரிடம் போய்ச் சொல்வது?

"எனக்குத் தமிழ்ல சொல்லு ஜெனி" என்றார் ரெமிஜியுஸ்.

"சொன்னா நாள் குறையும். அது பொய்யில்ல. என் கண்ணால பாத்திருக்கேன்."

"குறையட்டும். ஏட்டி, இப்ப இருக்கிற நாள்ல நீ எங்க இருக்க? ஒரு மாசமா ஊமைகூடக் குடும்பம் நடத்துதேன். எனக்கு நாள் வேண்டாம். நீதான் வேணும்."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். தமிழ் வரவில்லை. அந்த நோயைத் தமிழில் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளும் யாருக்கும் சொன்னதில்லை. படகருகே போய், ஈரம் காயாத எழுத்துகளின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கார்டியோ.

"இது நெஞ்சு."

கையை நகர்த்தினாள். மயோ. "இது தசை."

'பதி' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

"இது... படுற பாடு." அவர் பக்கம் திரும்பினாள். "உங்க நெஞ்சு தளந்துக்கிட்டே வருதுங்க. மருந்து கொஞ்ச நாள் தாங்கும். நிப்பாட்டாது."

ரெமிஜியுஸ் தன் படகின் பெயரை முதல் தடவையாகப் படிப்பவர்போல் எழுத்தெழுத்தாகப் பார்த்தார். பிறகு மணலில் உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்து, நீலம் ஒட்டிய கையை அவர் நெஞ்சில் வைத்தாள்.

"இவ்வளவு நாள் ஒண்ணும் தெரியல" என்றார் அவர். "இப்ப வலிக்கு."

"எனக்கும்" என்றாள். கையை எடுக்கவில்லை.