தளத்துக்கு அடியில் உப்புத்தாள்

சலீம் கையை நிறுத்திய பிறகும் தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை.

சுருளிப்பட்டிக்கு வெளியே, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே புதிதாகக் கட்டிவந்த ரிசார்ட்டில், அலங்காரத்துக்கு நிறுத்தக் கொச்சியில் வாங்கி லாரியில் குமுளி மலை இறக்கிக் கொண்டுவந்த பழைய பாய்மரப் படகு, கான்கிரீட் கட்டைகள்மேல் நின்றது. சாரலுக்காக மேலே நீலத் தார்ப்பாய். அதற்குள் பகலிலும் மங்கல். உரிந்த வார்னிஷின் புளித்த வாடை, காற்றில் பாய்மரக் கம்பத்தில் கயிறு மோதும் ஒலி, அதற்கெல்லாம் அடியில், தளப் பலகையின் மறுபக்கத்தில், உப்புத்தாள் நீளமாகப் போய்த் திரும்பும் சரக்... சரக்.

கூட்டாளி கோட்டைச்சாமி கீழறையில் தேய்க்கிறான் என்றே காலையிலிருந்து சலீம் நினைத்திருந்தான். குனிந்து பலகையில் காதை வைத்தான்.

"என்ன பாய், மரத்தோட ரகசியம் பேசுறீக?"

வார்னிஷ் டப்பாவோடு கோட்டைச்சாமி வெளியிலிருந்து ஏணியில் ஏறி வந்தான்.

"நீ கீழ இல்லையா?"

"விடியவே வார்னிஷ் வாங்கக் கம்பம் டவுனுக்குப் போயிட்டேனே. சொன்னதுக்குப் போனைக் காதுல வச்சுக்கிட்டே தலைய ஆட்டுனீக."

"அப்பக் கீழ தேய்க்கிறது யாரு?"

இருவரும் காதுகொடுத்துக் கேட்டார்கள். சத்தம் நின்றிருந்தது.

"எலியே வேலையை முடிச்சுக் குடுத்தா ஓனரு சந்தோசப்படுவாக. இருங்க, பாத்துட்டு வாரேன்."

போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், தானே இறங்க வேண்டிவருமோ என்று சலீம் வாயை மூடிக்கொண்டான்.

கோட்டைச்சாமி டார்ச்சோடு கீழறைக்கு இறங்கினான். பின்னால் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

சரக்... சரக்.

பிறகு இன்னொரு சத்தம். மூன்று இழுப்பு, தூசி உதிர, உப்புத்தாள் சுற்றிய கட்டையை ஒரு தட்டு. வருஷக்கணக்காகப் பக்கத்திலிருந்து கேட்ட தட்டு. கோட்டைச்சாமியுடையது.

"கோட்டை. போதும்ப்பா. மேல வா."

தட்டு மட்டும் வந்தது.

கதவை இழுத்தான். அசையவில்லை. திரும்பி முழங்காலிட்டான். பலகை வளைந்தது. ஒன்றரை அங்குலத் தேக்கு. கீழிருந்து தேய்ந்து தேய்ந்து, இப்போது அப்பளம்.

அடியில் டார்ச் எரிந்தது. விளக்கின்மேல் வைத்த உள்ளங்கைபோல மரம் சிவந்தது.

அதில் நிழல்கள். கைகள். தளம் முழுக்க. நெருக்கமாக. ஒரே சீராகப் போய்த் திரும்பின.

ஒன்று மட்டும், மூன்று இழுப்புக்கு ஒருமுறை நின்று, அவன் முழங்காலுக்கு நேர் கீழே தட்டியது.