பாரத்துக்கு ஒரு ஆள்

"ஐயோ! யாராச்சும் வாங்களேன்! என்னைய கொல்லப் பாக்குறாங்க!"

ஹட்டன் பஜாருக்குப் பின்னால் இருந்த அந்தக் கராஜில் எழுந்த அலறல், தகரக் கூரையில் கொட்டிய மழையில் அமுங்கிப் போனது.

அலறியவன் கிஷாந்த்.

அலறிய இடம்... காரைத் தூக்கும் ஹொய்ஸ்டில் ஆளுயரத்துக்கு மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்த அவனுடைய வெள்ளைக் காரின் டிரைவர் சீட்!

கீழே ஜீவராணி நின்றாள். அந்தக் கராஜில் சக்கரக் கோணலைச் சரி செய்யும் வீல் எலைன்மென்ட் மெசினைப் பார்த்துக்கொள்பவள். கையில் ஸ்பேனர். கண்ணில் கொலை வெறி.

பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே கொலை வெறி!

"கத்து தம்பி. நல்லா கத்து. மழை விடுற வரைக்கும் ஒருத்தருக்கும் கேக்காது."

"அக்கா... முன் டயர் உள்பக்கமா தேயுது, பாத்துக் குடுங்கன்னுதானே வந்தேன்? அதுக்கு எதுக்குக்கா கொலை?"

நியாயமான கேள்விதான்.

கிஷாந்த் கதவைத் திறந்து பார்த்தான். அது ஹொய்ஸ்டின் இரும்புத் தூணில் முட்டி, பூனை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்தது. பக்கத்து சீட்டில் மணல் மூட்டை. போனோ கீழே ஜீவராணியின் மேசையில் சார்ஜில் கிடந்தது. கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினான். சிமெந்துத் தரையும் ஸ்பேனரும் தெரிந்தன. தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

இவ்வளவு வசதியாக அவன் மாட்டிக்கொண்டதற்குக் காரணம், தொழில்.

ஸ்பிரிங்கைக் கட்டையாக்கித் தரையோடு தரையாக இறக்கிய கார் அது. அப்படி இறக்கினால் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் ரோட்டைத் தேய்க்கும். அதைச் சரி செய்வதென்றால் வெறும் காரை மெசினில் ஏற்றிப் பிரயோசனமில்லை. ஓட்டுகிறவனின் பாரமும் உள்ளே இருக்க வேண்டும்.

"பாரத்துக்கு ஏறி உக்காருங்க தம்பி," என்றாள் ஜீவராணி. உட்கார்ந்தான். தூக்கிவிட்டாள்!

"கீழ பாரு!"

ஜீவராணி ஒரு துணித்துண்டைத் தூக்கிக் காட்டினாள். நீலக் குடைத்துணி. அதில் மஞ்சள் ஒட்டு. ஒட்டைச் சுற்றிக் கறுப்பு நூலில் கோணல்மாணலாகத் தையல்.

"முன் சக்கரத்தைக் கழட்டினப்ப உள்ள இருந்த பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால இறுகிக் கெடந்திச்சு. இது என்னோட தையல்டா. என் தங்கச்சி குடை!"

கிஷாந்த் திரும்பவும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான்.

தங்கை ஜெயந்தினி. றொசல்லத் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். போன வருசம் மழைக்காலத்தில், பிள்ளைகளை அனுப்பிவிட்டு லயத்து வீட்டுக்கு நடந்து வந்தவளை, மூடுபனிக்குள் எவனோ அடித்துப் போட்டுவிட்டுப் பறந்துவிட்டான். யாரும் காரைப் பார்க்கவில்லை. பொலிஸ் எத்தனையோ வண்டிகளைத் தேடிப் பார்த்துக் களைத்தது.

ஜீவராணி களைக்கவில்லை. கராஜுக்கு வந்த ஒவ்வொரு காரையும் இவனா, இவனா என்றே பார்த்தாள். சோறு இறங்காத நாட்களிலும் அந்த ஆத்திரம் மட்டும் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது.

"ஸ்டியரிங் ரொட்டோட நட்டைக் கழட்டிட்டேன்," என்றாள். "இப்ப உன்னைய இறக்கி விடுவேன். நீ தப்பிச்சோம்னு அடிச்சிக்கிட்டுப் போவ. மொத வளைவுலயே சக்கரம் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்... பள்ளம் எவ்வளவு ஆழம்னு உனக்கே தெரியும்!"

"நான் இல்லக்கா! டீச்சர் அடிபட்ட மாசம் கார் என்கிட்ட இல்லவே இல்ல! ஸ்பிரிங்கைக் கட்டையாக்குறதுக்குக் குடுத்திருந்தேன்!"

"யாருகிட்ட?"

"உங்க மொதலாளிகிட்டதான்! துஷாந்த் அண்ணன்கிட்ட!"

ஸ்பேனர் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"பொய்!"

"சத்தியமாக்கா! கராஜுக்குக் கொண்டு வராத, என் வீட்டு ஷெட்ல செஞ்சு தர்றேன்னாரு. ட்ரயல் போனப்ப மண்மேட்டுல இடிச்சிட்டேன்னு சொல்லி லைட்டு, பம்பர் எல்லாம் சும்மாவே மாத்திக் குடுத்தாரு. எலைன்மென்ட் மட்டும் பாக்கல. எப்ப வந்தாலும் எனக்குச் சொல்லிட்டு வான்னாரு. நாளைக்கு ட்ரிப் போகணும்... அவரு கந்தப்பளையில கல்யாணத்துக்குப் போயிட்டாரு... அதான் சொல்லாம வந்தேன்!"

ஜீவராணிக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்தது.

எலைன்மென்ட் பார்க்க மெசினில் ஏற்ற வேண்டும். மெசினில் ஏற்றினால் ஜீவராணி அடியில் புகுந்து பார்ப்பாள். இடித்ததில் வளைந்திருந்த ஸ்டியரிங் ரொட்டைக் கண்டு, எப்படி வளைந்தது என்று கேட்பாள். அதற்குப் பயந்து அப்படியே அனுப்பிவிட்டார். அந்தக் கோணல் டயரைத் தின்றது. தேய்ந்த டயர் காரைத் திரும்பவும் அவள் கைக்கே கொண்டு வந்து சேர்த்தது!

துஷாந்த் அண்ணன்...

செத்த வீட்டுக்கு முதல் ஆளாக ஓடி வந்தவர். ரோட்டு முழுக்கத் துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்டியவர். பெட்டியைத் தோளில் சுமந்தவர்!

கொஞ்ச நேரம் போயிருந்தால் ஒரு பாவமும் அறியாதவனைப் பள்ளத்துக்கு அனுப்பியிருப்பாள்.

ஹொய்ஸ்டை இறக்கினாள். நட்டைத் திரும்ப இறுக்கினாள். இரண்டு இடத்துக்குப் போன் எடுத்தாள். இரண்டாவது போனை வெட்டாமல் அப்படியே மேசையில் வைத்தாள்.

"தம்பி, கல்யாணம் முடிஞ்சு கராஜைப் பூட்ட மொதலாளி வர்ற நேரம். அந்த டயர் அடுக்குக்குப் பின்னால போய் நில்லு. மூச்சு விடாத."

மழை லேசாக விட்டது. அந்தி நேரத்தில் பட்டு வேட்டியோடு துஷாந்த் உள்ளே நுழைந்தார். வெள்ளைக் காரைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது.

"இ... இதை யாரு எடுக்கச் சொன்னா? கிஷாந்த் எங்க?"

"டீ குடிக்கப் போயிட்டாருண்ணே. வேலை முடிஞ்ச மாதிரிதான். ஆனா கணக்கு நிக்க மாட்டேங்குது. மணல் மூட்டை பத்தல."

"அடியில ஏதும்... பாத்தியா?"

"என்னத்தண்ணே பாக்குறது? குழியில விழுந்து ரொட்டு வளைஞ்சிருக்கு. பாரத்துக்கு ஒரு ஆள் இருந்தா இப்பவே முடிச்சு அனுப்பிரலாம்."

சனியன் சீக்கிரம் தொலைந்தால் சரி என்று துஷாந்த் வேட்டியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்தார்.

ஹொய்ஸ்ட் உறுமியது. கார் மேலே போனது. வழக்கமாக நிற்கும் உயரத்தையும் தாண்டிப் போனது.

"ஏய்... போதும் ஜீவா!"

ஜீவராணி நீலத்துணியை விரித்துக் காட்டினாள்.

"தங்கச்சி குடைண்ணே. சக்கரத்துக்குள்ள இருந்திச்சு."

துஷாந்த் துணியை உற்றுப் பார்த்தார். பிறகு...

"அப்ப கிஷாந்த்தான்! அந்த நாயை விடக்கூடாது ஜீவா!"

"அண்ணே!" டயர் அடுக்குக்குப் பின்னாலிருந்து கிஷாந்த் பாய்ந்து வந்தான். "நாக்கு அழுகிரும்! கார் உங்க ஷெட்லதானே இருந்திச்சு!"

துஷாந்த் கதவைத் தள்ளினார். தூணில் முட்டியது. வியர்த்துக் கொட்டியது.

"ஜீவா... வேணும்னு செய்யல. இறக்கின புதுசு, வளைவுல பிடிக்கல. பனி வேற. கிட்ட வந்தப்பதான் புள்ளையப் பாத்தேன். நின்னேன் ஜீவா! எறங்கிப் பாத்தேன். உசிரு இருந்திச்சு... பயத்துல..."

"உசிரு இருந்திச்சா?"

ஜீவராணியின் குரல் உடைந்தது. இத்தனை நாளாக, பட்டதும் போய்விட்டாள், வலி தெரிந்திருக்காது என்றுதான் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். அந்த ஆறுதலையும் பிடுங்கிவிட்டான் பாவி!

"உசிரோட விட்டுட்டு வந்துதான் வெள்ளைக் கொடி கட்டுனியா?"

'அண்ணே' போய்விட்டது. மரியாதையும் போய்விட்டது.

துஷாந்துக்கும் பொறுமை போனது.

"ஆமா, அதுக்கென்ன இப்ப? ஒரு குடைத்துணிய வச்சி என்னைய என்ன செய்வ? எனக்கும் ஆள் இருக்கு! இறக்குடி கீழ! இறங்குனேன்னா தெரியும் நான் யாருன்னு!"

"இறக்குறேன். கொஞ்சம் பொறு."

மேசையிலிருந்த போனை எடுத்தாள் ஜீவராணி.

"மீனம்மாக்கா, எல்லாம் கேட்டிச்சா?"

"கேட்டிச்சு புள்ள! லொறி முழுக்க எல்லாருக்கும் கேட்டிச்சு!" ஸ்பீக்கரில் றொசல்லத் தோட்டத்து மீனம்மாவின் குரல் கொதித்தது. "இந்தா, வாசலுக்கு வந்துட்டோம்!"

தோட்டத்து லொறி கராஜ் வாசலில் வந்து நின்றது.

றொசல்லத் தோட்டமே இறங்கியது. மலையிலிருந்து நேரே வந்த ஆட்கள். பெண்களின் தலையில் மழைக்குப் போடும் கொங்காணி ஈரமாகவே இருந்தது. ஆண்களின் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. அத்தனை பேருடைய பிள்ளைகளும் ஜெயந்தினி டீச்சரிடம் படித்தவர்கள்.

ஒருவரும் சத்தம் போடவில்லை. ஹொய்ஸ்டைச் சுற்றி நின்று, மேலே பார்த்தார்கள்.

"எங்க டீச்சருக்கு உசிரு இருந்திச்சாமே?" என்றாள் மீனம்மா மெதுவாக. "இறக்கு புள்ள அவனை."

ஜீவராணியின் விரல் பொத்தானுக்குப் போனது.

"வேணாம்!" துஷாந்த் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வீறிட்டார். "இறக்காத ஜீவா! உன் கால்ல விழுறேன்! இறக்கிறாத!"

ஜீவராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"பயப்படாதீங்க மொதலாளி. மொத போனே பொலிசுக்குத்தான் எடுத்தேன். அவங்க வர்ற வரைக்கும் மேலேயே இருங்க... வாடகை கேக்க மாட்டேன்!"